வெள்ளை மாளிகை மேடையிலிருந்து ஸ்டூடியோ நாற்காலிக்கு: பத்திரிகைச் செயலாளர்கள் விமர்சகர்களாவது எப்படி, எங்கே சறுக்குகிறது?

சுவடி | #1

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க அதிபரின் பத்திரிகைச் செயலாளராக வெள்ளை மாளிகையில் தினமும் மேடையேறி நிருபர்களுக்குப் பதில் சொன்னவர், பதவி முடிந்த சில மாதங்களில் ஏதோ ஒரு சேனலில் அரசியல் விமர்சகராக உட்கார்ந்திருப்பார். புஷ்ஷின் டேனா பெரினோ, டிரம்பின் ஷான் ஸ்பைசர், கெய்லி மெக்கனேனி, பைடனின் ஜென் சாக்கி என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. இந்தப் பாதையைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றுக்குக் குறிப்பு சேர்க்கிறேன்.

மேடைக்குப் பின்னால் நடக்கும் வேலை என்ன? பதவியில் இருக்கும்போதே சேனலோடு பேசலாமா, சட்டம் என்ன சொல்கிறது? போனவர்களில் யார் தேறினார்கள், யார் எதனால் சறுக்கினார்கள்? எல்லாரும் "பேச்சுத் திறமை" என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிடுகிறார்கள். அது போதாது என்றே படுகிறது.

வரைவின் தொடக்கத்தில் "தொலைக்காட்சியில் முதன்முதலில் வந்த அதிபர் செய்தியாளர் சந்திப்பு கென்னடியுடையது, 1961" என்று எழுதியிருக்கிறேன். எங்காவது பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

---

ஆற்றுப்படை | #2

நல்ல இழை, சுவடி. முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். இது ஒரே பாதை இல்லை.

1929இல் ஹூவர் ஜார்ஜ் ஏகர்சனை வைத்துக்கொண்டதிலிருந்துதான் இந்தப் பதவியைக் கணக்கெடுக்கிறார்கள். ஐசன்ஹோவரிடம் எட்டு ஆண்டு இருந்த ஜேம்ஸ் ஹேகர்ட்டி 1961இல் நேராக ஏபிசி நிறுவனத்தின் செய்திப் பிரிவுத் துணைத் தலைவராகப் போனார். திரைக்கு முன்னால் இல்லை, பின்னால். அதிபர் மாளிகையின் செய்தி நிர்வாகம் தெரிந்தவர் சேனலின் செய்தி நிர்வாகத்துக்குப் பயன்படுவார் என்ற கணக்கு அது. கென்னடியின் பியர் சாலிஞ்சர் பின்னாளில் அதே ஏபிசிக்கு பாரிஸிலிருந்து நிருபராக வேலை செய்தார். ஜான்சனின் பில் மொயர்ஸ் 1967இல் விலகி, நியூஸ்டே நாளிதழின் பதிப்பாளராகி, அதற்கப்புறம் பொதுத் தொலைக்காட்சிக்கும் சிபிஎஸ்ஸுக்கும் வந்தார்.

எதிர்த்திசையில் வந்தவர்களும் உண்டு. ஃபோர்டின் ரான் நெசன் 1974இல் என்பிசி நிருபர் வேலையை விட்டு உள்ளே வந்தவர். டோனி ஸ்னோ ஃபாக்ஸில் ஞாயிறு நிகழ்ச்சி நடத்தியவர், 2006 மே மாதம் புஷ்ஷின் செயலாளரானார். ஒபாமாவின் ஜே கார்னி டைம் இதழ்க்காரர்.

மூன்றாவது வகை புதிது. சேனலில் கட்சிக்காகப் பேசிப் பெயரெடுத்து, அந்தப் பெயராலேயே மேடைக்கு வந்து, மறுபடி சேனலுக்குத் திரும்புவது. மெக்கனேனி முன்பு சிஎன்என்னில் விமர்சகர். அப்புறம் குடியரசுக் கட்சியின் தேசியக் குழுவுக்குப் பேசினார், 2020 ஏப்ரலில் மேடை, 2021இல் ஃபாக்ஸ். ஸ்டூடியோவில் எப்படிப் பேசினாரோ அதே குரலில் மேடையிலும் பேசினார். இந்த மூன்று வகைக்கும் சறுக்கும் இடம் ஒன்றாக இருக்காது.

---

இளவேனில் | #3

மேடை வேலையைப் பற்றி நான் எழுதுகிறேன். இதை யாரும் கிட்டப் போய்ப் பார்ப்பதில்லை.

செய்தியாளர் சந்திப்பு நடக்கும் அறை, ரேகனின் செயலாளர் ஜேம்ஸ் பிரேடி பெயரில் உள்ளது, சின்னது. பழைய நீச்சல் குளத்தின் மேல் நிக்சன் காலத்தில், 1970இல் கட்டியது. வரிசைக்கு 7 என 7 வரிசை, மொத்தம் 49 இருக்கை. யாருக்கு எந்த இருக்கை என்பதை நிருபர்கள் சங்கம் ஒதுக்கிவந்தது. முன்வரிசையில் செய்தி நிறுவனங்களும் பெரிய சேனல்களும். தொலைக்காட்சியில் பார்க்கும் ஒரு மணி நேரம் வேலையின் கடைசிப் பகுதி மட்டும்தான்.

விடியற்காலையில் நாளிதழ்களும் இரவுச் செய்திகளும் படித்து, அன்றைக்கு எந்தக் கேள்வி வரும் என்று பட்டியல் போடுவார்கள். பிறகு அந்தப் பட்டியல் துறைவாரியாகப் பிரியும். வெளிநாட்டு விவகாரம் தேசியப் பாதுகாப்புக் குழுவின் செய்திப் பிரிவுக்கு, நீதிமன்ற விவகாரம் சட்ட ஆலோசகர் அலுவலகத்துக்கு, பொருளாதாரப் புள்ளிவிவரம் பொருளாதாரக் குழுவுக்கு. ஒவ்வொரு துறையும் எழுதித் தரும். பத்திரிகைச் செயலாளரின் உதவியாளர்கள் அதைத் திருத்தித் திருப்பி அனுப்புவார்கள். மறுபடி ஒப்புதல் வாங்கி, பக்க அடையாளச் சீட்டு ஒட்டிய தடித்த கோப்பில் சேர்ப்பார்கள். மேடையில் அவர் புரட்டுவது அதைத்தான்.

அந்தக் கோப்பில் ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்றால்: மேலே ஒரே ஒரு வாக்கியம், தானாகவே சொல்லலாம் என்பது. அதன் கீழே "கேட்டால் மட்டும்" என்று தலைப்பிட்ட பகுதி. அதில் எதிர்பார்க்கும் கேள்வியும் பதிலும், அதே கேள்வி இரண்டாவது முறை வந்தால் சொல்ல வேண்டியதும் இருக்கும். கீழே தேதி, தொகை, சட்டப் பிரிவு. "கேட்டால் மட்டும்" பகுதியில் உள்ளதைக் கேட்காமலே சொல்லிவிட்டால் அன்றைய தலைப்புச் செய்தி கைமாறிப்போகும்.

சொற்களும் அளந்தவை. "அப்படித் திட்டம் எதுவும் இல்லை" என்றால் இன்றைக்கு இல்லை என்று மட்டும் பொருள். "செய்ய மாட்டோம்" என்பது வாக்குறுதி. "அப்படி நடந்ததாக எனக்குத் தெரியாது" என்பது ஒன்று, "அப்படி நடக்கவில்லை" என்பது வேறொன்று. பதில் கையில் இல்லையென்றால் கேள்வியை எடுத்துக்கொண்டு பிற்பகலில் எழுத்தில் தரலாம். அது கௌரவக் குறைவு இல்லை, மேடையில் இருப்பதிலேயே பத்திரமான பதில் அதுதான். தவறு நடப்பது பெரும்பாலும் இந்த வழியை மறந்து, மூன்றாவது துருவல் கேள்விக்கு ஊகத்தில் பதில் சொல்லும்போது.

---

குறிஞ்சி | #4

இளவேனில் சொன்னதோடு ஒன்று: கேமரா இல்லாத காலைச் சந்திப்பும் உண்டு. அலுவலகத்தில் நின்றபடியே நடப்பது. அங்கே வரும் கேள்விகளை வைத்தே பிற்பகல் கோப்பைத் திருத்துவார்கள். அதிபர் பயணத்தில் இருந்தால் விமானத்திலேயே நடக்கும்.

தினசரிச் சந்திப்பு முழுவதையும் நேரலையில் காட்ட விட்டது 1995இல் கிளிண்டனின் செயலாளர் மைக் மெக்கரி. பின்னாளில் அதற்காக அவரே வருத்தப்பட்டார். அதுவரை நிருபர்கள் குறிப்பெடுக்கும் கூட்டம், அதற்கப்புறம் நிகழ்ச்சி. பத்திரிகைச் செயலாளர் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானது அதிலிருந்துதான். சேனல்கள் போட்டி போடுவதற்கு வேர் இது.

---

நெடுஞ்சாலை | #5

சட்டப் பகுதி. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதவியில் இருக்கும்போது வேறு வேலை தேடவே கூடாது என்று தடை இல்லை. எப்போது தேட ஆரம்பித்தீர்கள், அதை யாரிடம் சொன்னீர்கள், எதிலிருந்து ஒதுங்கினீர்கள் என்பதுதான் கேள்வி.

முதலாவது, கூட்டாட்சிக் குற்றச் சட்டம், தலைப்பு 18, பிரிவு 208. ஒரு நிறுவனத்தோடு வேலை பேசிக்கொண்டிருக்கும்போது, அந்த நிறுவனத்தின் பண நலனைத் தொடும் குறிப்பிட்ட விவகாரத்தில் அரசு ஊழியர் என்ற முறையில் பங்கெடுக்கக் கூடாது. அடுத்தது, பதவியில் கிடைக்கும் தகவலை வைத்துச் சொந்த லாபம் பார்ப்பதைத் தடுக்கும் 2012இன் ஸ்டாக் சட்டம். நிதி வெளிப்படுத்தல் படிவம் தாக்கல் செய்யும் உயர் பதவிக்காரர் எதிர்கால வேலை பற்றிப் பேச்சுவார்த்தை தொடங்கினால் 3 வேலை நாட்களுக்குள் நெறிமுறை அதிகாரிக்குக் கையெழுத்திட்ட அறிவிப்பு தர வேண்டும். முரண் வரும் இடங்களிலிருந்து ஒதுங்க வேண்டும்.

பலர் தடுக்குவது "தேடுவது" என்பதன் வரையறையில். நீங்கள் விண்ணப்பம் அனுப்பியிருக்கவே வேண்டாம். எதிர்த்தரப்பு தானாக வந்து "எங்களிடம் வருகிறீர்களா" என்று கேட்டு, நீங்கள் உடனே தெளிவாக மறுக்காவிட்டால் தேடுவதாகவே எடுத்துக்கொள்வார்கள். "இப்போது வேண்டாம், பதவி முடிந்ததும் பேசலாம்" என்பது மறுப்பு ஆகாது. விதியிலேயே அது இருக்கிறது. நீங்களாக அனுப்பிய தன்விவரத்துக்கு 2 மாதம் பதிலே வராவிட்டால்தான் தேடல் முடிந்ததாகக் கொள்ளலாம்.

உங்களுக்காக வேலை பேசும் முகவரை வைத்துக்கொண்டால் இன்னொரு நுணுக்கம். அவர் யார் யாரிடம் பேசுகிறார் என்று உங்களுக்குச் சொல்லாதவரை அந்த நிறுவனங்கள் உங்கள் "வருங்கால முதலாளி" என்ற வரையறைக்குள் வராது. பெயரைச் சொன்ன நிமிடமே வந்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் "நான் வெளியே வரும்வரை பெயர் சொல்லாதீர்கள்" என்று முகவரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்வார்கள்.

பதவி விட்ட 30 நாளுக்குள் இறுதி நிதிப் படிவம். எதிர்கால வேலை ஒப்பந்தம் இருந்தால் அதிலும் எழுத வேண்டும். பலருக்கு விஷயம் வெளியே வருவதே இந்தப் படிவத்தால்தான். 2021 ஜனவரியில் மெக்கனேனியின் படிவத்தில் ஃபாக்ஸ் நியூஸோடு வேலை ஒப்பந்தம் என்று இருந்தது செய்தியானது. அவர் இப்போது எங்கள் ஊழியர் இல்லை என்று சேனல் விளக்கம் தர வேண்டி வந்தது. சில வாரம் கழித்து அங்கேதான் சேர்ந்தார்.

குறிப்பேடு, கோப்பு எதையும் எடுத்துப்போக முடியாது. 1978இன் அதிபர் ஆவணச் சட்டப்படி அவை அரசின் சொத்து. தனிப்பட்ட கணக்கிலிருந்து அலுவல் செய்தி அனுப்பியிருந்தால் 20 நாளுக்குள் அலுவல் கணக்குக்கு நகல் போக வேண்டும். ரகசியத் தகவல் பற்றிய கட்டுப்பாடு ஆயுள் முழுக்க.

---

செவ்வானம் | #6

> பிரிவு 208... குறிப்பிட்ட விவகாரத்தில் பங்கெடுக்கக் கூடாது

நெடுஞ்சாலை, இங்கேதான் எனக்கு முட்டுகிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சேனலின் நிருபருக்கு முதல் கேள்வி கொடுப்பது "குறிப்பிட்ட விவகாரம்" ஆகுமா? அதிபரின் தனிப் பேட்டியை அந்தச் சேனலுக்கு ஒதுக்குவது? சட்டத்தின் கண்ணில் முதலாவது தப்பித்துவிடும் என்றே நினைக்கிறேன். பார்ப்பவர் கண்ணில் இரண்டுமே தப்பாது.

---

நெடுஞ்சாலை | #7

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். 2022 ஏப்ரல் 1இல் நடந்தது அதுவே. சாக்கி எம்எஸ்என்பிசி சேனலுக்குப் போகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று முதலில் ஆக்சியாஸ் செய்தித் தளம் எழுதியது. அன்றைய சந்திப்பிலேயே நிருபர்கள் கேட்டார்கள்: மேடையில் நின்றுகொண்டே உங்களைக் கேள்வி கேட்கும் ஒரு நிறுவனத்தில் சேரப் பேசுவது எப்படிச் சரி? நெறிமுறை ஆலோசனை பெற்றிருக்கிறேன், விதிக்கு மேலேயே நடந்துகொள்கிறேன் என்பது அவர் பதிலின் சாரம். மே 13 வரை மேடையில் இருந்தார். அந்த ஆறு வாரமும் அவர் யாரைக் கைகாட்டினார், யாருக்குச் சுருக்கமாகப் பதில் சொன்னார் என்று எல்லாரும் வேறு கண்ணோடு பார்த்தார்கள். விதியை மீறினார் என்று நான் சொல்லவில்லை. ஒரு சேனலைக் கேள்வி வரிசையிலிருந்து தனியாக ஒதுக்கிவிட்டு ஒருவர் அந்த அறையை நடத்த முடியாது. நிதித் துறை அதிகாரி ஒரு கோப்பைப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடலாம். மேடையில் நிற்பவருக்குப் பக்கத்து மேசை கிடையாது. அதனால் நடைமுறையில் ஒரே வழிதான்: பேச்சு தொடங்கும் நாளிலேயே துணைச் செயலாளரிடம் மேடையைக் கொடுத்துவிடுவது.

---

குறிஞ்சி | #8

அப்படிச் செய்தால் ஏன் மேடையேறவில்லை என்ற கேள்வியே அடுத்த செய்தியாகும். ஆனாலும் அதுதான் நேர்மை.

---

செவ்வானம் | #9

ஸ்டூடியோ பக்கத்துக்கு வருகிறேன். மேடைப் பழக்கம் இங்கே எப்படிக் காலை வாரிவிடுகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

முதலில் வேலையின் பெயர். சம்பளம் வாங்கும் விமர்சகர் ஆண்டு ஒப்பந்தக்காரர். ஒரே சேனலுக்கு மட்டும், கூப்பிட்டபோது வர வேண்டும், போட்டிச் சேனலில் தலைகாட்டக் கூடாது. நெறியாளர் என்றால் நிகழ்ச்சியே அவருடையது, மற்றவர்களைக் கேள்வி கேட்பவர் அவர். சம்பளம் இல்லாத விருந்தினர் மூன்றாவது. பத்திரிகைச் செயலாளர்கள் முதல் கதவில் நுழைந்து சிலர் இரண்டாவதுக்குப் போகிறார்கள். பெரினோ 2009இல் ஃபாக்ஸில் விமர்சகர், 2011 ஜூலையில் ஐவர் மேசை நிகழ்ச்சி, 2021இல் காலைச் செய்தியின் இணை நெறியாளர். சாக்கிக்கு 2023 மார்ச்சில் ஞாயிறு நிகழ்ச்சி, 2025 மே மாதம் இரவு 9 மணி. அவர் நிதானமாக வந்தவர் என்று சொல்லமாட்டேன், ஆனால் படிப்படியாக வந்தவர்.

நேரக் கணக்கைப் பாருங்கள். கேபிள் சேனலில் ஒரு தலைப்புக்கு ஐந்தாறு நிமிடம், மேசையில் மூன்று பேர், நெறியாளரின் முன்னுரையும் ஒரு காட்சித் துண்டும் போக ஒருவருக்கு ஒன்று, ஒன்றரை நிமிடம் மிஞ்சும். அதுவும் இரண்டு தவணையாக. மேடையில் பழகியவர் பின்னணியிலிருந்து தொடங்குவார்: அதிபர் ஏற்கெனவே இது பற்றிப் பேசியிருக்கிறார், கடந்த மாதம் இன்ன அறிக்கை வந்தது... அதற்குள் காதில் தயாரிப்பாளர் "முப்பது விநாடி" என்கிறார். ஸ்டூடியோவில் முடிவுதான் முதல் வாக்கியம். காரணம் இரண்டாவது. உதாரணம் ஒன்றே ஒன்று.

தூரத்திலிருந்து இணைபவர்களுக்கு இன்னொரு தொல்லை. எதிரே ஆளில்லை, கேமராவின் கண்ணாடி வில்லை மட்டும். காதில் வரும் குரல் ஒரு நொடி பிந்தும். மேடையில் 49 முகத்தையும் பார்த்துப் பேசியவர் கண்ணை அலையவிடுவார். திரையில் அது பதில் தேடித் தடுமாறுவது போலத் தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், விலகிப் பதில் சொல்லும் பழக்கம். "அதை நீதித் துறையிடம்தான் கேட்க வேண்டும்" என்பது மேடையில் சரியான பதில். ஸ்டூடியோவில் அது வெற்றிடம். சேனல் காசு கொடுப்பது அவர் முன்பு சொல்லாமல் விட்டதைச் சொல்வதற்கு. புதிதாக வந்தவர் முதல் சில மாதம் இன்னும் அதிபருக்காகவே பேசிக்கொண்டிருப்பார். நெறியாளர் "இதில் உங்கள் கருத்து?" என்று அழுத்திக் கேட்டால் அங்கே ஒரு கணம் மௌனம் வரும். அந்த மௌனத்தைப் பார்த்தாலே தெரியும், அவர் இன்னும் மேடையிலிருந்து இறங்கவில்லை என்று.

---

ஆற்றுப்படை | #10

செவ்வானம் அழகாக விவரித்திருக்கிறார், ஆனால் இதெல்லாம் ஆறு மாதத்தில் பழகிவிடும் விஷயங்கள். பெரிய விபத்துகள் இதனால் நடக்கவில்லை.

சாலிஞ்சரை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஆள் இல்லை. 1981இல் ஈரான் பணயக் கைதிகள் விடுதலைக்குப் பின்னால் நடந்த ரகசியப் பேச்சுகளை ஏபிசிக்காகத் தோண்டியெடுத்தவர். அதே மனிதர் 1996 நவம்பரில் பிரான்ஸின் கான் நகரில் விமானத் துறையினர் கூட்டத்தில் எழுந்து, டிடபிள்யூஏ 800 விமானத்தை அமெரிக்கக் கடற்படை ஏவுகணை தவறுதலாக வீழ்த்தியது, ஆவணம் கையில் இருக்கிறது என்றார். அந்த ஆண்டு ஜூலை 17இல் 230 பேரைப் பலிகொண்ட விபத்து அது. அவர் கையில் இருந்தது இணையத்தில் பல வாரமாகச் சுற்றிக்கொண்டிருந்த காகிதம் என்று சீக்கிரமே தெரிந்தது. நடுவண் எரிபொருள் தொட்டியில் ஆவி தீப்பிடித்து வெடித்ததே காரணம் என்று விசாரணை வாரியம் 2000இல் முடிவு சொன்னது. இணையத்தில் கிடைத்ததை எல்லாம் நம்புவதற்கு அவர் பெயரையே வைத்து ஒரு "நோய்க்குறி" என்று சொல்லும் அளவுக்குப் போனது.

35 ஆண்டு அனுபவம். ஏன் நடந்தது?

---

இளவேனில் | #11

> ஏன் நடந்தது?

அண்ணா, என் பார்வையில் இதற்கு விடை #3இல் சொன்ன கோப்பில் இருக்கிறது.

மேடையில் அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் நான்கைந்து அலுவலகம் இருந்தது. ஒருவர் எழுதி, இன்னொருவர் மறுத்து, மூன்றாமவர் தேதியைச் சரிபார்த்து, வழக்கறிஞர் ஒரு சொல்லை நீக்கி, அப்புறம்தான் அது அவர் வாய்க்கு வரும். கேட்பவருக்குத் தெரிவது அந்தக் குரல் மட்டும். காலப்போக்கில் குரலுக்குச் சொந்தக்காரரும் நம்பகத்தன்மை தன் குரலில் இருப்பதாகவே எண்ணிவிடுகிறார். சேனல் வாங்குவதும் குரலைத்தான், கோப்பை இல்லை. கான் கூட்டத்தில் சாலிஞ்சர் பேசியபோது ஏபிசியும் அவரோடு இல்லை, 1993இலேயே வெளியே வந்துவிட்டார். அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கி "இது எங்கிருந்து வந்தது" என்று கேட்க ஒரு மேசைகூட இல்லை.

கோப்பு பொய்யானால் மேடையிலும் இதே கதிதான். 2003 அக்டோபரில் புஷ்ஷின் செயலாளர் ஸ்காட் மெக்லெல்லன், சிஐஏ அதிகாரி ஒருவரின் பெயர் கசிந்ததில் அதிபரின் ஆலோசகர் கார்ல் ரோவுக்கும் துணை அதிபரின் அலுவலகத் தலைவர் லூயிஸ் லிபிக்கும் பங்கில்லை என்று உறுதி சொன்னார். அவர்களிடமே கேட்டுத்தான் சொன்னார். இருவரும் நிருபர்களிடம் அதைப் பற்றிப் பேசியிருந்தது பின்னர் தெரிந்தது. தனக்குச் சொல்லப்பட்டது பொய் என்று 2008இல் தன் நூலில் எழுதினார். இங்கே குரலில் எந்தக் குறையும் இல்லை.

ஆகவே மேடைக்காரர் ஒருவர் ஸ்டூடியோவில் தேறுவாரா என்று பார்க்க நான் பேச்சைக் கவனிக்க மாட்டேன். அவருக்குப் பின்னால் ஆய்வாளர் எத்தனை பேர், சொன்னதைச் சரிபார்க்கும் ஆசிரியர் குழு இருக்கிறதா, தவறினால் அடுத்த நாள் அதே நேரத்தில் திருத்தம் சொல்கிறாரா என்று பார்ப்பேன்.

---

நெடுஞ்சாலை | #12

இளவேனிலோடு உடன்படுகிறேன், ஒன்றைச் சேர்க்கிறேன். அளந்த சொல்லை விட்டுவிட்டால் ஸ்டூடியோவில் விலை நீதிமன்றக் கணக்கில் வரும். ஜார்ஜ் ஸ்டெஃபனோபொலஸ் 1993இன் முதல் மாதங்களில் கிளிண்டனுக்காக மேடையில் நின்றவர். பதவிப் பெயர் தகவல்தொடர்பு இயக்குநர். 2024 மார்ச் 10 நிகழ்ச்சியில் டிரம்ப் மீதான உரிமையியல் தீர்ப்பைச் சொல்லும்போது, நடுவர் குழு கண்டறிந்தது பாலியல் அத்துமீறல் என்றிருக்க, வல்லுறவு என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். அவதூறு வழக்கு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஏபிசி 1.5 கோடி டாலரை டிரம்பின் அதிபர் நூலக நிதிக்கும் 10 லட்சம் டாலரை வழக்குச் செலவுக்கும் தர ஒப்புக்கொண்டு, வருத்தமும் தெரிவித்தது. வழக்கு நின்றிருக்குமா என்பதில் சட்டம் தெரிந்தவர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். தீர்ப்பின் வாசகத்தை எழுத்து மாறாமல் முன்னால் வைத்திருந்தால் அந்த விவாதத்துக்கே இடமிருந்திருக்காது.

---

குறிஞ்சி | #13

ஸ்டெஃபனோபொலஸ் பெயர் வந்ததால் சொல்கிறேன். பழைய உறவு எவ்வளவு காலம் கழித்தும் திரும்பி வரும். 2002 செப்டம்பரில் ஞாயிறு நிகழ்ச்சிக்கு நெறியாளரானார், பத்தாண்டுக்கு மேல் நல்ல பெயரோடு நடத்தினார். 2015 மே மாதம் கிளிண்டன் அறக்கட்டளைக்கு அவர் 75,000 டாலர் கொடுத்திருந்தது வெளிவந்தது. கொடுத்தது குற்றமில்லை. அந்த அறக்கட்டளையைப் பற்றியே நேர்காணல் நடத்தும்போது சொல்லாமல் இருந்ததுதான் தவறு. மன்னிப்புக் கேட்டு, குடியரசுக் கட்சி விவாதத்தை நடத்தும் பொறுப்பிலிருந்து விலகினார். முன்னாள் மேடைக்காரர் ஒவ்வொருவரும் கொடை, உறவினர் வேலை, ஆலோசனைக் கட்டணம் மூன்றையும் எழுதி நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் முதல் நாளே கொடுத்துவிட வேண்டும். ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும்.

---

சுவடி | #14

மிகவும் பயன்படுகிறது, நன்றி. பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அதுதானே இழுக்கும் கயிறு?

---

நெடுஞ்சாலை | #15

ஆமாம், அதை மறைக்கத் தேவையில்லை. வெள்ளை மாளிகை ஊழியர் சம்பளப் பட்டியல் ஆண்டுதோறும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போகும், யாரும் பார்க்கலாம். ஸ்னோவின் சம்பளம் 1,68,000 டாலர், ஸ்பைசருடையது 1,79,700. ஸ்னோ 2007இல் விலகும்போது பணம் போதவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அப்போது புற்றுநோய் சிகிச்சையும் நடந்துகொண்டிருந்தது. 2008 ஏப்ரலில் சிஎன்என்னில் சேர்ந்தார், ஜூலை 12இல் காலமானார். பதவியில் இருக்கும்போது வெளியே ஒரு டாலரும் சம்பாதிக்கக் கூடாது என்பதால் நூல் முன்பணம், உரைக் கட்டணம், சேனல் ஒப்பந்தம் மூன்றும் பதவி முடிந்த நாளில்தான் கதவு திறக்கும். அந்த நாள் நெருங்க நெருங்க இழுப்பு கூடும். #7இல் சொன்ன ஆறு வாரப் பிரச்சினை அங்கிருந்து வருகிறது.

எல்லாரும் சேனலோடு நிற்பதுமில்லை. ஒபாமாவின் செயலாளர்களான ராபர்ட் கிப்ஸ், கார்னி, ஜாஷ் எர்னஸ்ட் மூவரும் கொஞ்ச காலம் விமர்சகராக இருந்துவிட்டு மெக்டொனால்ட்ஸ், அமேசான், யுனைடெட் ஏர்லைன்ஸ் என்று பெருநிறுவனத் தொடர்புப் பதவிக்குப் போய்விட்டார்கள்.

---

செவ்வானம் | #16

ஒப்பந்தம் கையெழுத்தானாலும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. பத்திரிகைச் செயலாளர் இல்லை என்றாலும் ரோனா மெக்டேனியல் விவகாரம் இங்கே பொருந்தும். குடியரசுக் கட்சித் தேசியக் குழுத் தலைவராக இருந்தவரை 2024 மார்ச் 22இல் என்பிசி விமர்சகராக அறிவித்தது. அந்நிறுவன நெறியாளர்களே நேரலையில் எதிர்த்தார்கள். மார்ச் 26இல் விலக்கிவிட்டது. எதிர்த்தவர்களில் சாக்கியும் ஒருவர். கட்சிக்காகப் பேசியது குற்றமில்லை, 2020 தேர்தல் முடிவைப் பற்றிச் சொன்னவையே சிக்கல் என்பது அவர்கள் வாதம். அந்த வேறுபாடு முக்கியம் என்று நினைக்கிறேன்.

---

ஆற்றுப்படை | #17

இளவேனிலின் கோப்பு வாதத்தை நான் ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. மொயர்ஸை அது விளக்கவில்லை. வியட்நாம் போர் நடக்கும்போது ஜான்சனுக்காக மேடையில் நின்றவர். அந்தக் கறை லேசானதில்லை. ஆனால் சேனலுக்கு அவசரமாக வரவில்லை. நடுவில் மூன்றாண்டு நாளிதழ். அங்கே நிருபர்கள் எழுதுவதைப் பதிப்பாளர் மேசையிலிருந்து பார்த்தார். தொலைக்காட்சிக்கு வந்தபிறகும் சொந்தக் கருத்தை முன்னால் வைக்கவில்லை, நீண்ட நேர்காணலும் ஆவணப்படமும்தான். 1980களில் சிபிஎஸ் மாலைச் செய்தியில் கருத்துரை சொன்னபோது அவருக்குப் பின்னால் பத்தாண்டு நிருபர் வேலை இருந்தது. 2025 ஜூனில் காலமானபோது ஜான்சனின் செயலாளர் என்பது இரங்கல் குறிப்புகளில் பாதி, பத்திரிகையாளர் என்பது மீதிப் பாதி.

ஃபோர்டின் முதல் செயலாளர் ஜெரால்ட் டெர்ஹோர்ஸ்டையும் விட்டுவிடாதீர்கள். ஃபோர்டு நிக்சனுக்குப் பொதுமன்னிப்பு கொடுத்ததை ஏற்க முடியாமல் 1974 செப்டம்பர் 8இல், ஒரே மாதத்தில், விலகியவர். எழுத்துக்கே திரும்பினார். அவர் சொல்லுக்கு மதிப்பு வந்தது அந்த விலகல் கடிதத்தால்.

---

இளவேனில் | #18

ஏற்றுக்கொள்கிறேன், அண்ணா. இடைவெளியும் ஒரு கோப்புதான் என்று சொல்லலாம். மூன்றாண்டில் அவர் சரிபார்க்கும் பழக்கத்தைத் தானே கையில் எடுத்துக்கொண்டார்.

---

குறிஞ்சி | #19

சுவடி, #1இல் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. உங்கள் வாக்கியம் தவறு. தொலைக்காட்சிக் கேமராவை அதிபர் சந்திப்புக்குள் முதலில் விட்டது ஹேகர்ட்டி, 1955 ஜனவரி 19, ஐசன்ஹோவர். ஆனால் அது படச்சுருளில் பதிவாகி, வெள்ளை மாளிகை பார்த்து ஒப்புதல் தந்தபிறகே ஒளிபரப்பானது. கென்னடியின் 1961 ஜனவரி 25 சந்திப்பு முதல் நேரலை. வெள்ளை மாளிகையில் இல்லை, வெளியுறவுத் துறை அரங்கில் நடந்தது. "நேரலையில்" என்று ஒரு சொல் சேர்த்தால் சரியாகிவிடும்.

---

சுவடி | #20

திருத்திவிட்டேன், குறிஞ்சி. ஹேகர்ட்டியின் ஒப்புதல் முறையையும் அதே பத்தியில் சேர்த்துவிட்டேன். மெக்கரியின் 1995 அதற்கு அடுத்த வரியில் வருகிறது.